அப்பு பிழைத்துக்கொண்டது

மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, தீனியை அள்ளிப் போடுவதுதான். பட்டினியால் செத்த மீனை நான் பார்த்ததில்லை. தின்று தின்று செத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். என் மனைவி கனகாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். பிளவுஸ் தைத்துக்கொண்டே நடுநடுவே எழுந்து போய் நாலு உருண்டை போட்டுவிட்டு வந்து உட்காருவாள். "பாவம்ங்க, நம்மளையே பார்த்துக்கிட்டு இருக்குது" என்பாள். மீனுக்கு இமை கிடையாது, அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும், அதற்காக நாள் முழுக்க ஊட்டிக்கொண்டே இருப்பாயா என்று கேலி செய்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

என் பெயர் பெருமாள்சாமி. திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். கொடைக்கானல், பழனி, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாச் சவாரியும் போவேன். அதைவிட அதிகம் ஆஸ்பத்திரிச் சவாரிதான். எங்கள் பேகம்பூர் பக்கத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான். பெருமாள்சாமி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மதுரை என்று ஒரு பெயர். கோடை ரோடு டோல்கேட்டில் இருப்பவர்களுக்கு என் ஹாரன் சத்தமே தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்று என்னை நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

கனகா போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். அதற்கு நான்தான் காரணம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் காரியத்துக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் தட்டத் தட்ட எனக்குக் கூசியது. நடந்தது நடந்தபடி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் மீன் வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சின்னாளபட்டியில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பிளவுஸ் கொடுக்கப் போன கனகா, அங்கே கூடத்தில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சார்லஸ் என்பவர் மீன் கடை வைத்திருக்கிறார். பேச ஆரம்பித்தால் கல்லையும் விற்றுவிடுவார். நெற்றியில் பெரிய கொழுக்கட்டையை ஒட்டி வைத்தது மாதிரி இருக்கிற ஒரு சிவப்பு மீனைக் காட்டினார்.

"இதுக்குப் பேரு ஃபிளவர்ஹார்ன்ணே. வாஸ்து மீனு. வீட்டுல உள்ளவங்களுக்கு வார கெட்டது எதுவானாலும் இது தன் தலையில வாங்கிக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் தலை இம்புட்டுப் பெருசா இருக்கு, பாருங்க."

நான் சிரித்துவிட்டேன். வியாபாரி வியாபாரம் பேசத்தான் செய்வான். கனகா கண்ணாடியில் விரலை வைத்தாள். மீன் அந்த விரலோடு இங்கும் அங்கும் போய் வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் என் வண்டி வழுக்கியது. தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு முன் சக்கரம் இரண்டும் வெளியே போய் நின்றன. கீழே பார்த்தால் மரங்களின் உச்சி தெரிந்தது. எனக்கும் கீறல் இல்லை, பின்னால் இருந்த குடும்பத்துக்கும் கீறல் இல்லை. இழுவை வண்டி வைத்து எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தால், கனகா வாசலில் அழுத முகத்தோடு நிற்கிறாள். நான் போன் பண்ணவே இல்லையே, இவளுக்கு யார் சொன்னது என்று பார்த்தால், அவள் அழுதது மீனுக்காக. காலையில் நன்றாக இருந்தது மத்தியானம் மிதந்துவிட்டதாம். எந்த நேரம் என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது.

தெருவே அதைத்தான் பேசியது. பக்கத்து வீட்டு ரஃபியா, கனகாவிடம் தையல் கற்றுக்கொள்ள வருகிற பெண், "அல்லா காப்பாத்துனான்ணே. உங்களுக்கு வந்தத அந்த வாயில்லா ஜீவன் வாங்கிட்டுப் போயிருச்சு" என்று கண் கலங்கினாள். மீனை முருங்கை மரத்தடியில் புதைத்து, மனிதர்களுக்குச் செய்வதுபோல் மறுநாள் பால் ஊற்றினோம். அப்புறம் சார்லஸ் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தோம்.

இரண்டாவது மீனைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எங்கள் மகள் பானுப்ரியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. டியூஷன் முடிந்து வரும்போது நத்தம் ரோட்டில் ஒரு புளி லாரி அவள் ஸ்கூட்டியைத் தட்டிவிட்டது. தலையில் அடி. மதுரையில் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பெரிய டாக்டர்கள் வந்து வந்து பார்த்தார்கள். சொல்ல முடியாது, பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை.

மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் மீன் கண்ணாடிக்கு ஓடி வந்தது, தீனி கேட்டது. என் பிள்ளை அங்கே மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடக்கிறாள், இது இங்கே கொழுக் மொழுக்கென்று வாலை ஆட்டுகிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், அதற்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

இதில் ஒரு முறை இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யோசித்தால் புரிகிற விஷயம்தான். நாமாகக் கையால் கொன்றால் அது வெறும் கொலை, பாவம் வீட்டுக்குத்தான் வரும். அது தானாகப் போனால்தான் எடுத்துக்கொண்டு போனதாகும். ஆகவே நான் அதைத் தொடவில்லை. ஆக்சிஜன் மோட்டாரை நிறுத்தினேன். தொட்டியின் மூடியைத் திறந்து கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு முட்டியபோது துள்ளி வெளியே விழுந்தது. என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பானு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். டாக்டர்கள் தங்களுக்குள் கை கொடுத்துக்கொண்டார்கள். நானும் அவர்களுக்கு நன்றி சொன்னேன். மீன் குதித்துச் செத்துவிட்டது என்று கனகாவிடம் சொன்னபோது, பிள்ளை பிழைத்ததற்கும் மீன் போனதற்கும் சேர்த்து அழுதாள்.

அப்பு மூன்றாவது மீன். பானு கோயம்புத்தூர் காலேஜுக்குப் போன பிறகு வாங்கியது. வீட்டில் பிள்ளை இல்லாத குறைக்குக் கனகா அதற்குப் பெயர் வைத்து, அதோடு நாள் முழுவதும் பேச ஆரம்பித்தாள். "ஏ அப்பு, இந்தக் கழுத்து வளைவு சரியா வந்திருக்கா பாரு" என்று பிளவுஸைத் தூக்கிக் காட்டுவாள். "ஆமாம்னு சொல்லுது பாருங்க" என்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். எதையும் தீவிரமாக எடுத்துக்கொள்ளாத நாட்களில் நாங்கள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம்.

ஐப்பசி மழையில் தெரு முழுக்கக் காய்ச்சல். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிசயம். மழை கொட்டினாலும் எல்லார் வீட்டிலும் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்துத்தான் வைத்திருப்போம், கொசு எங்கும் போக வேண்டியதில்லை. கனகாவுக்குக் காய்ச்சல் வந்ததும் நானே பக்கத்துத் தெரு கிளினிக்குக் கூட்டிப் போனேன். பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி அது. ரத்தம் பார்த்துவிட்டு டெங்கு என்றார் டாக்டர்.

"பயப்பட வேண்டாம். பிளேட்லெட் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. தினமும் ரத்தம் பார்க்கணும். இதுல காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்தான் கவனமா இருக்கணும். வயித்து வலி, வாந்தி வந்தா, உடம்பு சில்லுனு ஆனா, காய்ச்சலே இல்லைன்னாலும் உடனே கூட்டிட்டு வந்துருங்க. இங்கேயே பெட் இருக்கு."

தெளிவாகச் சொன்னார். எனக்கும் தெளிவாகப் புரிந்தது.

அந்த வாரம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய முறை. எப்போதும் கனகாதான் மாற்றுவாள், நல்ல தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவாள். அவள் படுத்துவிட்டதால் நான் மாற்றினேன். டிரம்மில் இருந்தது கஞ்சிக்கும் குடிக்கவுமே காணாது என்று போர் தண்ணீரை ஊற்றிவிட்டேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு. மறுநாள் காலையில் அப்பு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. சிவப்பெல்லாம் போய்க் கறுத்துவிட்டது, நெற்றி மேடு வற்றிவிட்டது. தீனி போட்டால் வாயில் வாங்கித் துப்பியது.

கனகா கட்டிலில் இருந்தபடியே அதைக் கவனித்துவிட்டாள். "என்னங்க, அப்புக்கு ஒடம்பு சரியில்ல. மொகமே வாடிப்போச்சு" என்றாள்.

அன்று மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. தொட்டியைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். நாங்கள் கேட்காமலே, ஒரு மூடியைக்கூட நான் திறக்காமலே, அது தானாக வாங்கிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். மறுநாள் ரத்தம் பார்க்கப் போகவில்லை. இனிமேல் எதற்கு அவளை ஊசியால் குத்தி வதைக்க வேண்டும்.

சார்லஸ் கடைக்கு மட்டும் போனேன். மீன் எப்படி இருக்கிறது என்று சொன்னேன்.

"தண்ணி மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

"மாத்துனேன்."

"என்ன தண்ணி ஊத்துனீங்க? போர் தண்ணியா? அதுதாண்ணே. பயப்படாதீங்க. நல்ல தண்ணி மாத்தி, கல்லுப்பு ஒரு கை போட்டு, இந்த மாத்திரையக் கரைச்சு விடுங்க. தேறிரும்."

"ஒண்ணும் பண்ணாம விட்டா எம்புட்டு நாள் தாங்கும்?"

சார்லஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏண்ணே சாக விடணும்? நல்ல மீனுண்ணே அது" என்றார். மாத்திரையை வாங்கிக்கொண்டேன். வாங்கவில்லை என்றால் அவர் விட மாட்டார். வழியில் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

அவளோ சும்மா படுத்திருக்கிற ஆளில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், டிரம்மிலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு ஊற்றி, கல்லுப்பு போட்டிருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது தரையெல்லாம் ஈரம், கட்டிலில் மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். சாயங்காலம் அப்பு மேலே வந்து ஒரு உருண்டையைத் தின்றது. அதே நேரத்தில் கனகா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தது.

"வயித்தப் பெசையுதுங்க. டாக்டரு சொன்னாருல்ல. ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?"

"செத்த நேரம் பார்ப்போம்" என்றேன்.

ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷத்தில் நான் மதுரைக்குக் கொண்டுபோன நோயாளிகளில் பாதிப் பேரை நானே திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். மீதிப் பேருடைய செருப்பையும் துணிப்பையையும்தான் திரும்பக் கொண்டு வந்திருக்கிறேன். எல்லாரையும் ஒரே வேகத்தில்தான் கொண்டுபோனேன். அந்தப் பைகளை அவர்கள் வீட்டு ஆட்களிடம் கொடுக்கும்போது கண்ணைப் பார்க்க முடியாது. என் பிள்ளை அத்தனை டாக்டர்கள் சுற்றி நிற்கும்போது கண் திறக்கவில்லை. எது அவளைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கனகாவை ஒரு கட்டிலில் போட்டு, சொல்ல முடியாது, பார்க்கலாம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நிற்க என்னால் முடியாது. அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் காலையில் வாந்தி. ரஃபியா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோன்புக்கஞ்சி மாதிரி குழையக் காய்ச்சிய கஞ்சியோடு வந்தாள். கனகாவுக்கு வாய் துடைத்துவிட்டவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பல்லு ஈறுல ரத்தம் கசியுதுண்ணே. கையெல்லாம் சில்லுனு இருக்கு. நீங்க வண்டிய எடுக்குறீங்களா, இல்ல எங்க வீட்டுக்காரர ஆட்டோவக் கொண்டாரச் சொல்லவா?"

"டாக்டர்கிட்ட இப்பத்தாம்மா பேசினேன். மருந்து வேலை செய்யிறப்ப அப்படித்தான் இருக்குமாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. இது ஒட்டுற காய்ச்சல், நீ பச்சப் புள்ளைய வச்சிருக்க, இங்கிட்டு வராத."

பிள்ளை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. தயங்கித் தயங்கித்தான் போனாள். டெங்கு ஒருத்தர் மூச்சில் இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது என்று எனக்குத் தெரியும். அவள் போனதும் வெளிக் கேட்டைப் பூட்டினேன்.

பானு கோயம்புத்தூரில் இருந்து கூப்பிட்டாள். "அம்மாவுக்கு எப்படிப்பா இருக்கு? பிளேட்லெட் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சும்மா. ஏறிக்கிட்டு இருக்கு."

"அம்மாகிட்ட குடுங்க."

"இப்பத்தான் கண்ண மூடியிருக்கா."

"நான் கெளம்பி வரட்டுமாப்பா?"

"பரீச்சைய விட்டுட்டு நீ எதுக்கும்மா வார? நான் இருக்கேன்ல."

கனகா விழித்துத்தான் இருந்தாள். பேசினால் களைப்பாகும் என்று அவள் போனை அணைத்து பீரோவுக்கு மேலே வைத்தேன். அவளுக்கு எட்டாது.

மத்தியானம் அப்பு பழைய நிறத்துக்கு வர ஆரம்பித்தது. செதிலில் சிவப்பு ஏறுவதை நின்று பார்த்தேன். அவ்வளவு நேரம் நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததே தப்போ என்று தோன்றியது. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். உப்புப் போட்ட தண்ணீரைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றினேன். இந்தத் தடவையும் நான் அதைத் தொடவில்லை.

வீட்டில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த குமிழிச் சத்தம் நின்றுபோனதும் கனகா கண்ணைத் திறந்தாள்.

"மோட்டார் சத்தத்தக் காணமே."

"கரண்டு இல்ல" என்றேன்.

அவள் மேலே பார்த்தாள். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெயில் சாய்கிற நேரம் வந்தது. அப்பு தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் சரிந்து, திரும்ப நிமிர்ந்து, திரும்பவும் சரிந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்குத் தெரிந்தது. கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை பச்சைத் தண்ணீராக இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொன்னேன்.

"பானுவுக்கு அடிபட்டப்பவும் இப்படித்தான் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்கிறவன் இல்லை, கரண்டு விஷயத்தைத் தவிர.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பானுவைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பிறகு கேட்கவே இல்லை.

"அது தவிக்கிறதப் பார்த்துக்கிட்டு என்னால கெடக்க முடியலங்க. எனக்கு எது வந்தாலும் வந்துட்டுப் போகுது. மோட்டாரப் போடுங்க."

"போட்டா நீ போயிருவ, கனகா."

"போடுங்க."

முடியாது என்றேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து தொட்டி இருக்கிற பக்கமாகக் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே போனாள். நான் தூக்கினேன். அவள் உடம்பில் கனமே இல்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கும்புடுறேங்க, போடுங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைக் கும்பிட்டுக் கேட்டதில்லை. நான் மனிதன்தானே. அவளை மடியில் சாய்த்துக்கொண்டே கையை நீட்டி பிளக்கைச் செருகினேன்.

குமிழிகள் வந்தன. அப்பு தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டது. கனகா "அப்பாடா" என்று கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அது நிமிர்ந்து நீந்த ஆரம்பித்தது.

இனி வேறு வழியில்லை, ஆஸ்பத்திரிதான் என்று ஆனது. அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். கேட்டைத் திறந்ததும் ரஃபியா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கிளினிக் வாசலில் நிறுத்தியதும் டாக்டர் வண்டிக்கே இறங்கி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, நேத்தாவது கொண்டாந்திருக்கலாமே. அவ்வளவு சொன்னேனே. இனி இங்க முடியாது. மதுரைக்குப் போ, நிக்காத."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாவம், அவருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்.

மதுரைச் சாலையில் நான் அதுவரை போகாத வேகத்தில் போனேன். டோல்கேட்டில் என் ஹாரனைக் கேட்டதும் தடுப்பைத் தூக்கி வழிவிட்டார்கள். வாடிப்பட்டி தாண்டும்போது பின்னால் ரஃபியா ஓதிக்கொண்டிருந்தது நின்று அழுகை கேட்டது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதே வேகத்தில்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்கள் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் இறக்கினார்கள்.

அப்பு இப்போது நன்றாக இருக்கிறது. நெற்றி மேடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. நத்தத்தில் இருந்து வந்த என் அண்ணன், அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடு, கண்ணில் படக் கூடாது என்றார். பானுதான் தடுத்தாள். "அம்மா வளர்த்தது பெரியப்பா. அம்மா நெனப்பா இருக்கட்டும்" என்று அழுதாள். நானும் இருக்கட்டும் என்றேன். அவளுக்கு நாளைக்கு ஏதாவது ஒன்று வந்தால் வீட்டில் வேண்டுமே. நல்ல தண்ணீர்தான் மாற்றுகிறேன், அளவாகத்தான் தீனி போடுகிறேன்.

ரஃபியா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் பொய் சொன்னேன், பானுவிடம் பொய் சொன்னேன், கேட்டைப் பூட்டினேன், போனை எட்டாமல் வைத்தேன். எதையும் மறைக்கவில்லை. அதெல்லாம் கனகாவைக் காப்பாற்றச் செய்தது, இன்னொரு முறை வந்தாலும் செய்வேன். வண்டி டீசல் நிரப்பி வாசலில்தான் நின்றது, எல்லாவற்றுக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அவள் கும்பிட்டதும் மனம் இளகி அந்த பிளக்கைச் செருகினேன். இந்தக் கையால்தான் அவளைக் கொன்றேன். இன்னும் ஒரு அரை மணி நேரம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவளைக் காப்பாற்றியிருப்பேன்.